இண்டு இடுக்கில் ஒரு ஃபில்டர்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வீரவநல்லூர் பக்கம் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். நெல் அறுக்கிற வண்டிகளும் டிராக்டர்களும்தான் அதிகம் வரும். பிசான அறுப்பு வந்துவிட்டால் ஏர் ஃபில்டரைக் கழற்றி மாட்டுவதே பெரிய வேலை. ஒரு வண்டியில் ஃபில்டர் டப்பா வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது; மரக்கிளை தட்டித் தட்டி நெளிந்துவிட்டது. எஞ்சினுக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே கோணல்மாணலாக ஒரு இடம் சும்மா கிடக்கிறது. ஃபில்டருக்குள் மடித்து வைத்திருக்கிற, காற்றிலிருந்து தூசியைப் பிடிக்கிற பேப்பரின் பரப்பு கூடினால் ஃபில்டரின் ஆயுள் கூடும் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அப்படியானால் அந்த இடத்தின் வடிவத்துக்கே பெட்டி அடித்து, மடிப்புகளை நெருக்கி வைத்து ஒரு ஃபில்டர் செய்தால் என்ன? ஹைட்ராலிக் ஆயிலுக்கும் இதே வழி சரிப்படுமா?

ஒரு வாசகர், வீரவநல்லூர்

அன்புள்ள தம்பிக்கு,

பரப்பு கூடினால் ஆயுள் கூடும் என்பது காற்று போய்ச் சேருகிற பரப்புக்குத்தான். காற்று எட்டாத பேப்பர் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இடம் குறையக் குறைய, பேப்பரை எங்கே திணிப்பது என்பதைவிட, காற்று வரவும் போகவும் எங்கே வழி விடுவது என்பதுதான் பெரிய வேலை.

ஒரு கணக்குப் போடுவோம். உள்விட்டம் 10 செ.மீ., நீளம் 30 செ.மீ., மடிப்பின் ஆழம் 5 செ.மீ. உள்ள உருளை ஃபில்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மடிப்புக்கு இரண்டு முகம், ஆக 300 சதுர செ.மீ. 100 மடிப்பு வைத்தால் 3 சதுர மீட்டர். உள்வட்டத்தின் சுற்றளவு 31.4 செ.மீ. என்பதால் அங்கே ஒரு மடிப்புக்குக் கிடைப்பது சுமார் 3.1 மி.மீ. பேப்பரின் கனம் 0.7 மி.மீ. என்றால் இரண்டு முகத்துக்கும் 1.4 போய்விடும். மீதி 1.7 மி.மீ.தான் காற்று வெளியேறுகிற சந்து. சரி, ஆசைப்பட்டு மடிப்பை 200 ஆக்குங்கள். பரப்பு 6 சதுர மீட்டர்; ஏட்டில் பார்க்க அழகு. ஆனால் மடிப்புக்கு 1.57 மி.மீ.தான் கிடைக்கும், அதில் பேப்பரே 1.4-ஐ எடுத்துக்கொள்ளும். அவ்வளவு குறுகிய சந்தில் இடைவெளி பாதியானால், அதே காற்றைத் தள்ள எட்டு மடங்கு அழுத்தம் வேண்டும். மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் கேட்கவே வேண்டாம். நல்ல ஃபில்டரைப் பிரித்துப் பாருங்கள்: மடிப்பை விலக்கி நிறுத்தப் பசைக் கோடோ, பேப்பரிலேயே அழுத்திய சிறு மேடுகளோ இருக்கும்.

4 லிட்டர் அளவுள்ள, டர்போ இல்லாத எஞ்சின் 2200 சுற்றில் நிமிடத்துக்கு 4 கன மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் காற்று இழுக்கும். 3 சதுர மீட்டர் பேப்பர் வழியே அது நொடிக்கு 2 செ.மீ. வேகத்தில், எறும்பு ஊர்கிற மாதிரி போகும். எந்த வடிவத்தில் செய்தாலும் இந்த வேகத்தை ஒட்டியே வரட்டும்.

வட்டம் வைத்தால் மூலை வீணாகத்தான் செய்யும். 30-க்கு 15 செ.மீ. செவ்வகத் திறப்புள்ள இடத்தில் ஒற்றை வட்டம் 39 சதவீதத்தைத்தான் நிரப்பும். பக்கத்தில் இன்னொன்று வைத்தால் 78. இரு முனையும் அரைவட்டமான நீள்வடிவம் என்றால் 89. டொனால்ட்சன் நிறுவனத்தின் பவர்கோர் இந்த வழியில் போனதுதான். நெளிப் பேப்பரையும் தட்டைப் பேப்பரையும் சேர்த்துச் சுருட்டி, குழல்களின் முனைகளை மாற்றி மாற்றி அடைத்திருப்பார்கள். காற்று ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் நேராக வெளியேறும். நடுவில் ஓட்டை தேவையில்லை என்பதால் நீள்வட்டமாகவும் சுருட்ட முடிகிறது.

ஆனால் இந்த மாதிரி வடிவங்கள் காலை வாருவது பேப்பரில் அல்ல, வாயில்; அதாவது ஃபில்டர் குழாயோடு சேருகிற இடத்தில். வட்ட வாயில் ரப்பர் உதடு குழாயைச் சுற்றிலும் ஒரே அளவு இறுக்கும். செவ்வக வாயில் மூலைகள் பிடிக்கும். நீளப் பக்கத்தின் நடுவில் இறுக்கம் தளரும். அந்தப் பக்கங்களைக் கொஞ்சம் வெளியே புடைத்தாற்போல வளைப்பது அதற்காகத்தான். உமியில் மணலைப் போல் உராய்கிற சிலிகா அதிகம் என்பது உங்களுக்குத் தெரியாததா? மயிரிழை இடைவெளி போதும், பிஸ்டன் ரிங்கைத் தின்றுவிடும். ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள குழாயின் உட்புறத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் கோடு விழுந்தால் பேப்பரைக் குறை சொல்லாதீர்கள், வாயைப் பாருங்கள். பெட்டி எப்படி வளைந்தாலும் வளையட்டும், வாயை மட்டும் வட்டமாக வையுங்கள்.

என் யோசனை: தனி வடிவத்தில் ஃபில்டர் செய்யவே வேண்டாம். நூறு வண்டிக்குச் செய்கிறவனுக்குத்தான் அது கட்டுப்படியாகும். அறுப்பு நடுவே ராத்திரி அடைத்துக்கொண்டால் திருநெல்வேலி டவுனிலோ ஜங்ஷனிலோ மறுநாள் காலையில் வாங்கிவந்து போடுகிற சரக்காக இருக்க வேண்டும். கடையில் கிடைக்கிற சின்ன உருளை இரண்டை அந்த இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, வெளியேறும் குழாய்களைப் பின்னால் ஒன்றாக்குங்கள். தகடு வெட்டுமுன் அதே அளவில் அட்டை உருளை செய்து உள்ளே வைத்து இழுத்துப் பாருங்கள். 30 செ.மீ. ஃபில்டரை நேராக உருவ, முன்னால் அதைவிட அதிகமாக இடம் வேண்டும். இதை மறந்துவிட்டு அப்புறம் எஞ்சின் தகட்டை அறுத்தவர்கள் உண்டு. பதரையும் தூசியையும் சுழற்றிக் கழிக்கிற ப்ரீகிளீனரை மட்டும் மேலே உயரத்தில் விட்டுவிடுங்கள். அது இடுக்குக்குள் வந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. காற்று நுழைகிற குழாய் மடிப்பை நேரே பார்க்கவும் கூடாது. நடுவே ஒரு தகடு மறைப்பு இருக்கட்டும்.

மாட்டிய பிறகு, ஃபில்டர் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்கக் கொத்தனாரின் டியூப் மட்டத்தை எடுத்துத் தண்ணீர் ஊற்றி, ‘யு’ மாதிரி வளைத்துக் கட்டுங்கள். ஒரு முனை ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில், மறுமுனை திறந்த வெளியில். இரண்டு கையும் நல்ல நீளம் இருக்கட்டும், இல்லையென்றால் தண்ணீரை எஞ்சின் குடித்துவிடும். முழு வேகத்தில் இரண்டு மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்து பாருங்கள். பல டீசல் எஞ்சின்களுக்கு 25 அங்குலம்தான் எல்லை. புது ஃபில்டரிலேயே அதில் பாதிக்கு வந்துவிட்டால் அந்த அமைப்பு தேறாது.

ஹைட்ராலிக் ஆயில் சங்கதி வேறு. பம்ப் இழுக்கிற பக்கத்தில் ஆயிலைத் தள்ள வெளிக்காற்றின் அழுத்தம் மட்டும்தான் உண்டு. அங்கே நெருக்கமான கண்ணுள்ள ஃபில்டரை வைத்தால் பம்ப் கடகடவென்று சத்தம் போட ஆரம்பிக்கும், சீக்கிரம் போயும்விடும். டேங்குக்குள் பெரிய கண்ணுள்ள வலை போதும். பைக் பெட்ரோல் டேங்கின் தரையில் படுத்திருக்கிற துணிப்பை மாதிரியான வலையை எந்த வடிவத்துக்கும் செய்யலாம். நெருக்கமான ஃபில்டரை, ஆயில் டேங்குக்குத் திரும்புகிற ரிட்டர்ன் லைனில் போடுங்கள்; அடைத்துக்கொண்டால் ஆயிலை வேறு வழியே விடுகிற பைபாஸ் வால்வு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.