ஓடினால் ஜில், நின்றால் சூடு: கம்ப்ரஸரை மாற்றும் முன் ஒரு குடம் தண்ணீர்

கேள்வி: 2009 மாடல் சான்ட்ரோ வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை குடியாத்தத்திலிருந்து அம்மாவை சி.எம்.சி.க்கு அழைத்துப் போகிறேன். பள்ளிகொண்டாவில் நெடுஞ்சாலை ஏறினால் ஏ.சி. ஜில்லென்று வரும். வேலூர் நெரிசலில் நின்றால் வெறும் காற்றுதான். மூன்று வருஷமாக ஏப்ரல் வந்தால் கேஸ் ஏற்றுகிறேன். இந்த முறை கம்ப்ரஸரே போய்விட்டது, 22,000 ஆகும் என்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஓடும்போது ஜில், நின்றால் சூடு என்று நீங்களே பாதி பதிலைச் சொல்லிவிட்டீர்கள்.

ஏ.சி. வண்டிக்குள் இருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொட்டுகிறது. அதற்கான கேஸை அழுத்திச் சுற்ற வைக்கும் பம்ப்தான் கம்ப்ரஸர். கொட்டும் இடம், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சர். ஓடுகிற வண்டியில் எதிர்க்காற்றே அதை ஆற்றிவிடும். நிற்கிற வண்டிக்கு பானெட்டுக்குள் இருக்கும் ஃபேனை விட்டால் கதி இல்லை. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற நம் ஊரில் ஃபேன் கொஞ்சம் சோர்ந்தாலும் உள்ளே வேர்த்துவிடும்.

மதியத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஓட, ஏ.சி.யை முழுசாக வைத்து பானெட்டைத் திறங்கள். ஃபேன் வேகமாகச் சுற்ற வேண்டும். கையை உள்ளே விடாதீர்கள், அது சொல்லாமல் கிளம்பும். சுற்றவில்லை என்றாலோ, சோம்பலாகச் சுற்றினாலோ கோளாறு அங்கேதான். நன்றாகச் சுற்றினால், முன் கிரில் வழியாக கண்டென்சர் மேல் ஒரு குடம் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். இரண்டொரு நிமிஷத்தில் உள்ளே ஜில்லென்று வந்தால், கம்ப்ரஸர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது, கண்டென்சருக்குக் காற்று போதவில்லை என்று அர்த்தம்.

போன மே மாதம் என்னிடம் வந்த ஒரு வண்டிக்கும் இதே தீர்ப்பைத்தான் வேறிடத்தில் சொல்லியிருந்தார்கள். ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் தட்டினேன், சுற்ற ஆரம்பித்தது. மோட்டாருக்குள் கரன்ட் கடத்தும் கார்பன் கட்டை தேய்ந்திருந்தது. கண்டென்சரைக் கழற்றிக் கழுவினால் செம்மண் குழம்பாக வந்தது, நடுவில் வேப்பிலைச் சருகு. அவ்வளவுதான் வேலை. கம்ப்ரஸரைத் தொடவே இல்லை.

அடுத்து கேஸ். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. வருஷா வருஷம் குறைகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது. ஒழுகும் இடத்தில் கேஸோடு கம்ப்ரஸர் ஆயிலும் கசிந்து, பிசுக்காக அழுக்கு ஒட்டியிருக்கும். நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவிப் பார்த்தால் பெரும்பாலான ஓட்டை தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் கேஸ் ஏற்றுபவர் அடுத்த ஏப்ரலுக்கும் உங்களை வாடிக்கையாக்கிக்கொள்கிறார். குறையாத வண்டியில் ஏற்றினால் இன்னும் மோசம். அளவு மிஞ்சினால் குளிர்ச்சி குறையும், கம்ப்ரஸர் திணறும். உங்களுக்கு ஏற்றிய மூன்று முறையில் எத்தனை முறை தேவைப்பட்டதோ!

சிறிய கார் பிடிப்பதே ஏறக்குறைய அரை கிலோதான். சரியான அளவு பெரும்பாலும் பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். பழைய கேஸை எடுத்துவிட்டு, அரை மணி நேரமாவது வேக்குவம் போட்டு (உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுத்து), எடை பார்த்து ஏற்ற வேண்டும். ஈரம் உள்ளே தங்கினால் ஆயில் கெட்டு உலோகத்தை அரிக்கும். உங்கள் வண்டிக்கு ஆர்-134ஏ என்ற கேஸ். பாதி விலைக்குத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். சமையல் கேஸ் வகையறாவைக் கலந்து அதே பெயரில் விற்பவர்கள் இருக்கிறார்கள். அது தீப்பிடிக்கும்.

கம்ப்ரஸரே போயிருக்கவும் வாய்ப்புண்டு. தேய்ந்த கம்ப்ரஸரும் வேகத்தில் ஜில், நின்றால் சூடு என்றுதான் காட்டும். அதனால்தான் தண்ணீர் சோதனையைச் சொன்னேன். தண்ணீர் ஊற்றியும் ஜில் வரவில்லை, நின்ற இடத்திலேயே ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் மிதித்தால் மட்டும் வருகிறது என்றால் சந்தேகப்படலாம். கேஸ் குறைந்தாலும் இப்படி ஆகும், எனவே அளவு சரி என்று உறுதி செய்துவிட்டு அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டச் சொல்லுங்கள். தாழ்ந்த அழுத்தப் பக்க முள் ஏறியும் உயர்ந்த அழுத்தப் பக்க முள் இறங்கியும் நின்றால் கம்ப்ரஸர் தேய்ந்துவிட்டது. கேஜை உங்களையும் கூப்பிட்டுக் காட்டட்டும். அப்படி மாற்றினால் கம்ப்ரஸரோடு நிறுத்தக் கூடாது. கேஸ் குழாய்களைக் கழுவி ஃபிளஷ் செய்து, ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் மாற்ற வேண்டும். பழையதிலிருந்து உதிர்ந்த உலோகத் தூள் உள்ளேயே கிடந்தால் புதியதையும் தின்றுவிடும். 22,000-இல் இதெல்லாம் அடக்கமா என்று கேட்டீர்களா?

உங்களிடமிருந்து வண்டியை வாங்கி ஏ.சி. கடைக்கு ஓட்டிப்போகும் இடைத்தரகருக்குக் கமிஷன் உண்டு. கம்ப்ரஸர் என்றால் கமிஷன் பெரிது, ஃபேன் மோட்டார் என்றால் சின்னது. நீங்களே நேராகப் போங்கள். கழித்த வண்டியில் கழற்றி பெயின்ட் அடித்ததையும் புதியது என்பார்கள். பெட்டியைப் பாருங்கள், பழையதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இத்தனையும் வண்டிக்காரர் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய நிலை இருப்பதுதான் எனக்கு ஆற்றாமை. 15 வருஷம் ஆன காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க அலைய வைக்கிறார்கள். தெருவோரம் ஒரு சிலிண்டரும் ஹோஸும் வைத்துக் கேஸைக் காற்றில் திறந்துவிடுகிறவரை ஏன் என்று கேட்க ஆளில்லை. பில்லில் எத்தனை கிராம் என்று எழுதச் சொல்லி ஓர் அதட்டல் போட்டாலே பாதித் திருட்டு நிற்கும்.

வேலை முடிந்து வண்டியைக் காலையில் எடுக்காதீர்கள். காலையில் எந்த ஏ.சி.யும் ஜில்லென்றுதான் இருக்கும். மதியம் 12 மணிக்கு மேல் போய், வெயிலில் நிறுத்தி 15 நிமிஷம் உள்ளே உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.