இரவுக் கச்சேரியில் ஹார்ப்சிகார்டு ஏறுவது, ஓபோ இறங்குவது: பதில்

மாலை 5 மணிக்கு ஏ சுரம் 415 ஹெர்ட்ஸில் நிற்கும்படி சுருதி சேர்த்த ஹார்ப்சிகார்டு (தந்திகளை மீட்டும் பழைய ஐரோப்பிய விசைக்கருவி), முற்றத்தில் இரவு 9 மணிக்குச் சுருதி ஏறிவிடுகிறது, ஓபோக்கள் (மரக் காற்றுக்கருவிகள்) இறங்கிவிடுகின்றன என்று எழுதியிருந்தீர்கள். கருவியில் கோளாறு இல்லை, குளிர்ச்சிதான் காரணம். உலோகத் தந்தி குளிர்ந்தால் சுருங்கி, சுருதி ஏறும். பித்தளை இரும்பைவிட அதிகம் சுருங்கும், அதனால் பித்தளைத் தந்தி போட்ட கீழ்ச்சுரங்கள்தான் முதலில் கெடும். காற்றுக்கருவியோ ஒரு டிகிரி குறைந்தால் ஏறத்தாழ 3 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) வரை இறங்கும். ஊதி ஊதிச் சூடேறினால் இது கொஞ்சம் குறையும்.

மாலைச் சுருதியை மறந்துவிடுங்கள். வெயில் போனபின், மேடை விளக்குகளை எரியவிட்டு, கருவியை அரை மணி நேரமாவது அங்கேயே வைத்திருந்து, பிறகு சுருதி சேருங்கள். சுருதி மீட்டரை மட்டும் நம்பாமல், பத்து நிமிடம் ஊதிச் சூடாக்கிய ஓபோவின் ஏ சுரத்தையும் கேளுங்கள். அது 412 ஹெர்ட்ஸில் நின்றால் ஹார்ப்சிகார்டையும் அங்கே இறக்குங்கள். குளிரில் ஓபோவை ஏற்றுவது கடினம்.

சுரங்களின் இடைவெளியைப் பங்கிட வாலொட்டி என்ற சுருதி முறை போதும்: எஃப் முதல் பி வரையிலான (எஃப்-சி-ஜி-டி-ஏ-இ-பி) ஆறு பஞ்சமங்களை மட்டும் ஆறில் ஒரு பங்கு பைதாகரஸ் காமா (பன்னிரண்டு சுத்தப் பஞ்சமங்கள் ஏழு ஸ்தாயிகளைத் தாண்டும் சிறு அளவு) குறுக்குங்கள், மற்ற ஆறும் சுத்தம்.

இடைவேளையில் ஹார்ப்சிகார்டின் எட்டடித் தந்திகளை (எழுதிய சுரத்திலேயே ஒலிக்கும் வரிசை) மட்டும் சரிபாருங்கள். ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் நாலடி வரிசைதான் மோசமாகப் பிசகும். இரண்டாம் பாதியில் அதை மூடிவிடலாம், யாருக்கும் குறை தெரியாது.