கால்வாய்க் கரையில் மூன்று நாள்: கிராவல் சைக்கிள் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: பாரிஸை ஒட்டிய போபினியில் இருக்கிறோம். எனக்கும் கணவருக்கும் 35 மில்லிமீட்டர் டயர் போட்ட சாதாரண சைக்கிள்கள்தான் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுகிறவர்கள். செப்டம்பர் கடைசியில் மூன்று நாள் விடுப்பு. ஃபோந்தேன்புளோ காட்டில் தொடங்கி, லுவாங் கால்வாய், பிரியார் கால்வாய்க் கரைகளைப் பிடித்து லுவார் ஆறு வரை போக ஆசை. "கிராவல் சைக்கிள் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்" என்கிறார் கடைக்காரர். மண், சரளைப் பாதைக்கென்றே செய்த சைக்கிளாம். ஒன்று 1,500 யூரோ. வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். இந்தப் பயணத்துக்கு உங்களுக்குத் தேவை புது சைக்கிள் அல்ல, புது டயர். கிராவல் சைக்கிள் நல்ல சாமான்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் வளைந்த ஹேண்டில்பாரும் இலேசான ஃபிரேமும் வேகமாகப் போகிறவருக்குத்தான் பலன் தரும். நீங்கள் நாளுக்கு நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் போகப் போகிறீர்கள். அதற்கு மண்ணில் புதையாத, கல்லுக்குக் கிழியாத டயர் இருந்தால் போதும்.

இப்போதைய டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே, பின்பக்கம் ஃபிரேமுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். 40 மில்லிமீட்டர் டயர் போட்ட பிறகும் இரண்டு பக்கமும் ஐந்தாறு மில்லிமீட்டர் இடைவெளி மிஞ்ச வேண்டும். மட்கார்டு இடித்தால் அதைக் கழற்றிவிடலாம். 40 நுழையவில்லையா, 38 போதும். நடுவில் வழவழப்பாகவும் ஓரத்தில் சிறு பற்களோடும் இருக்கிற டயராகக் கேளுங்கள். பெரிய பற்கள் சேற்றுக்கானவை. கால்வாய்க் கரையில் அவை சத்தம் போடும், வேகத்தைத் தின்னும், அவ்வளவுதான்.

காற்றழுத்தத்தில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். டயர் கல் மாதிரி இருக்கிறதா என்று அழுத்தி அழுத்திப் பார்த்து ஓட்டுவது தார்ச்சாலைப் பழக்கம். எழுபது கிலோ ஆள், கொஞ்சம் மூட்டை, உள்ளே டியூப் என்றால் பின்னால் மூன்று "பார்" (பம்பில் காட்டும் காற்றழுத்த அலகு), முன்னால் இரண்டரை என்று தொடங்குங்கள். கை மரத்துப் போனால் சிறிது குறையுங்கள். ஆனால் டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகாதீர்கள். போனால், மரவேரில் ஏறும்போது டியூப் ரிம்மில் நசுங்கி ஓட்டையாகும்.

டயர் மாற்றியதும் சோதித்துப் பார்க்க உங்கள் வீட்டு வாசலிலேயே உர்க் கால்வாய் இருக்கிறது. பாரிஸுக்குக் குடிநீர் கொண்டுவர நெப்போலியன் 1802-இல் வெட்டச் சொன்னது. போபினியிலிருந்து கிளே-சூயி வரை நல்ல தார்ப்பாதை. அதற்கு அப்பால் மண்ணும் சரளையும் வந்துவிடும். மோ நகரம் வரை போய், பி (P) லைன் ரயிலில் திரும்பி வாருங்கள். மூட்டையையும் கட்டிக்கொண்டே போங்கள். எது ஆடுகிறது, எது உரசுகிறது என்பதெல்லாம் தார் முடிந்த இடத்தில்தான் தெரியும். பிரத்யேக கிராவல் பைகள் தேவையில்லை. பின் கேரியரில் மாட்டும் இரண்டு சாதாரணப் பைகள் போதும், ஆனால் கொக்கி இறுக்கமாக இருக்க வேண்டும்.

இனி பாதை. முதல் நாள் ஆர் (R) லைன் ரயிலில் ஃபோந்தேன்புளோ-ஆவோன் நிலையத்தில் இறங்கி, காட்டைத் தாண்டி மொரே, சேன்-மம்மே வழியாக நெமூர். இரண்டாம் நாள் மொந்தார்ஜி. மூன்றாம் நாள் பிரியார். இரண்டு கால்வாயும் சேர்ந்து நூறு கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். பெரும்பகுதி யூரோவெலோ 3 என்கிற ஐரோப்பிய நெடுந்தூர சைக்கிள் தடத்தில் வருவதால் பலகைகள் இருக்கும். தரை ஒரே மாதிரி இருக்காது. கொஞ்ச தூரம் தார், கொஞ்ச தூரம் இறுகிய வெள்ளை மண், சில இடத்தில் புல்லுக்கு நடுவே இரண்டு தடம் மட்டும்.

மூன்று நாளில் கஷ்டமான பகுதி முதல் நாள் காலையில்தான். ஃபோந்தேன்புளோ காட்டின் அடியில் இருப்பது கண்ணாடித் தொழிலுக்கே எடுத்துப் போகும் அளவு சுத்தமான நுண்மணல். தரை கெட்டியாக இருக்கிறதே என்று இறங்குவீர்கள், திருப்பத்தில் முன் சக்கரம் ஒரு சாண் பக்கவாட்டில் வழுக்கி அப்படியே நிற்கும். மணலைப் பார்த்த பிறகு கியர் மாற்றினால் நேரம் போதாது. முன்கூட்டியே இலேசான கியருக்கு வாருங்கள், உடம்பைப் பின்னால் தள்ளுங்கள், ஹேண்டில்பாரைத் தளர்வாகப் பிடியுங்கள், முன் பிரேக்கைத் தொடாதீர்கள், மிதிப்பதை நிறுத்தாதீர்கள். அப்படியும் நின்றுவிட்டால் இறங்கித் தள்ளுவதில் வெட்கமில்லை, 5,000 யூரோ சைக்கிள்காரரும் அங்கே தள்ளிக்கொண்டுதான் போகிறார். நடைக்காரர்களுக்கான ஒடுக்கமான பாறைப் பாதைகளில் நுழையாமல் அகலமான வனச்சாலைகளிலேயே போங்கள்.

செப்டம்பர் கடைசி என்றால் இன்னொன்று: வேட்டைக் காலம் தொடங்கியிருக்கும். பிப்ரவரி வரை நடக்கும். வழியில் "ஷாஸ் ஆன் கூர்" என்று பலகை வைத்திருந்தால், வேட்டை நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். வேறு பாதை எடுங்கள். பளிச்சென்ற மஞ்சள் அங்கி ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு வெளியே இருட்டிலோ மூடுபனியிலோ ஓட்டும்போது அது பிரான்சில் சட்டப்படியும் கட்டாயம். கால்வாயில் காலைப் பனிமூட்டம் அந்த மாதத்தில் சகஜம். விளக்கும் மணியும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

காட்டைத் தாண்டிக் கால்வாய்க்கு வந்துவிட்டால் எல்லாம் சுலபம் என்று சொல்வார்கள். பாதி உண்மை. மேடு இல்லைதான். ஆனால் இறக்கமும் இல்லை. மலைச்சாலையில் இறக்கத்தில் கால் ஓயும், இடுப்பு அசையும். இங்கே பூட்டுமடைக்குப் பூட்டுமடை (படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி) வரும் சிறு சரிவைத் தவிர, காலையிலிருந்து மாலை வரை ஒரே கியர், ஒரே இருப்பு. தொடை வலிக்கும் முன்னே உட்காரும் இடம் வலிக்கும். பஞ்சு வைத்த கால்சட்டை வாங்குங்கள் (கடைக்காரர் சொன்னதில் ஏதாவது ஒன்றை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் இதை வாங்குங்கள்). பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சீட்டை விட்டு எழுந்து பத்து மிதி மிதியுங்கள்.

தூண்டில்காரர்களிடம் கவனம். பத்துப் பன்னிரண்டு மீட்டர் நீளக் கார்பன் கோலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மீன் கடித்ததும் கோலைப் பின்னோக்கித் தள்ளுவார்கள், அது பாதையின் குறுக்கே சரசரவென்று நீளும். தூரத்திலேயே மணி அடித்து, வேகத்தைக் குறைத்து, "போன்ஜூர்" சொல்லிப் போங்கள். அதேபோல நீர் விளிம்பை ஒட்டி ஓட்டாதீர்கள். ரகோந்தேன் என்கிற பெரிய நீர்எலிகள் கரையைக் குடைந்து வைத்திருக்கும். மேலே புல் அழகாக இருக்கும், கீழே வெற்றிடம்.

பஞ்சர் பெரும்பாலும் சிக்கிமுக்கிக் கல்லின் சில்லால் வரும், இல்லையென்றால் வேலி வெட்டியபோது சிதறிய முள்ளால். டியூபை மாற்றும் முன் டயரின் உட்புறத்தை ஒரு பருத்தித் துணியால் முழுச் சுற்றும் துடையுங்கள். சில்லு இருக்கும் இடத்தில் துணி நூல் இழுபடும். விரலால் தேடினால் விரல்தான் கிழியும். ஆளுக்கு இரண்டு மாற்று டியூப், ஒரு பம்ப். பெரிய ஊர்களைத் தவிர சைக்கிள் கடையை எதிர்பார்க்காதீர்கள்.

டயரைப் பற்றி இவ்வளவு பேசியாயிற்று, ஒரு சுவாரசியம்: மொந்தார்ஜியை ஒட்டிய ஷாலெத்தில் ஹட்சின்சன் ரப்பர் தொழிற்சாலை இருக்கிறது. சைக்கிள் டயருக்குப் பேர்போன நிறுவனம். பிற்பாடு சீனாவை வழிநடத்திய டெங் சியாவோபிங் 1920-களில் அங்கே தொழிலாளியாக வேலை பார்த்தவர்.

ஞாயிறு மதியத்துக்கு மேலும் திங்கட்கிழமையும் கிராமங்களில் பேக்கரிகூட மூடியிருக்கலாம். உணவகங்களில் இரண்டு மணிக்கு மேல் சோறு கிடைக்காது. முடிந்தால் செவ்வாயன்று புறப்படுங்கள். தண்ணீர் தீர்ந்தால் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள், அனேகமாக எல்லாவற்றிலும் குழாய் இருக்கும். "நோன் பொதாப்ல்" (குடிக்கத் தகாதது) என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்காதீர்கள்.

மூன்றாம் நாள் வழியில் வரும் ரோஞி ஊரில் ஒரு மணி நேரமாவது நில்லுங்கள். குன்றின் சரிவில் ஏழு பூட்டுமடைகள் படிப்படியாக இறங்குகின்றன. பிரெஞ்சு மன்னர் நான்காம் ஹென்றி காலத்தில் 1604-இல் தொடங்கிய வேலை, 1610-இல் அவர் கொல்லப்பட்டதும் நின்று, 1642-இல்தான் பிரியார் கால்வாய் திறந்தது. படகை மேட்டின் மேல் ஏற்றி மறுபக்கம் இறக்கும் கால்வாய் பிரான்சில் இதுதான் முதலாவது. படகுகள் இப்போது பக்கத்துப் புதுப் பூட்டுமடைகளில் போகின்றன, பழைய ஏழும் பார்வைக்கு மட்டும். சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு நடந்தே ஏறுங்கள். பிரியாரில் லுவார் ஆற்றுக்கு மேலே 662 மீட்டர் நீளப் பாலத்தில் கால்வாயே ஆற்றைக் கடக்கிறது, 1896-இல் திறந்தது. ஓரத்து நடைமேடை ஒடுக்கமானது, அங்கேயும் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

திரும்புவதற்குப் பிரியார் நிலையத்திலிருந்து பாரிஸின் பெர்சி நிலையத்துக்குப் போகும் ரயிலைப் பாருங்கள். சில வட்டார ரயில்களில் சைக்கிளுக்குத் தனி முன்பதிவு கேட்பார்கள், டிக்கெட் எடுக்கும்போதே அதையும் பார்த்துவிடுங்கள். புறப்படும் நாள் வார நாளென்றால் காலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை பாரிஸ் புறநகர் ரயில்களில் சைக்கிள் ஏற்ற அனுமதியில்லை. பத்து மணி ரயிலுக்குத் திட்டமிடுங்கள்.