வேலூர்ப் பக்கம் மட்டக்குதிரை வாங்குவதும் விற்பதும் ஏன் இவ்வளவு மனக்கசப்பில் முடிகிறது? எதை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்?

"பழகின குதிரைங்க" என்ற ஒரு வார்த்தையில்தான் பாதிச் சண்டை தொடங்குகிறது. விற்பவர் அதைச் சொல்லும்போது, தன் வீட்டு ஆள் பிடித்தால் நிற்கும், தன் தெருவில் வண்டி இழுக்கும் என்று நினைத்துச் சொல்கிறார். வாங்குபவர் காதில் அது "என் எட்டு வயசுப் பையன் ஏறி உட்காரலாம்" என்று விழுகிறது. இரண்டு பேரும் பொய் பேசவில்லை. பத்து நாள் கழித்து இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஏமாற்றுக்காரர் என்கிறார்கள்.

மட்டக்குதிரையின் குணம் அதன் உடம்பில் மட்டும் இல்லை. இடம், ஆள், கூட நிற்கும் இன்னொரு குதிரை, தினசரி வேலை, தீனி எல்லாம் சேர்ந்ததுதான் குணம். ஆம்பூரில் தினமும் நாலு மணி நேரம் வண்டி இழுத்த குதிரையைக் குடியாத்தம் பக்கத்துத் தோட்டத்தில் கொண்டுபோய்க் கட்டி, வேலையே கொடுக்காமல், ஆசையாக மூன்று கிலோ கொள்ளு வைத்தால் பத்தாவது நாள் அது முன்னங்காலைத் தூக்கும். குதிரை மாறவில்லை, வேலை குறைந்து தீனி கூடிவிட்டது. அதனால் "பழகினதா?" என்று கேட்காதீர்கள். உடைத்துக் கேளுங்கள். திறந்த இடத்தில் விட்டால் யார் வேண்டுமானாலும் பிடிக்கலாமா? நாலு குளம்பையும் தூக்க விடுமா? லாடம் அடிக்கும்போது நிற்குமா? கடிவாளம் போட வாய் திறக்குமா? கண்மறைப்பு இல்லாமல் வண்டி இழுக்குமா? துணைக் குதிரையை விட்டுத் தனியாகக் கொட்டகையிலிருந்து வெளியே வருமா? பேண்டு வாத்தியம், பட்டாசு, லாரி ஹாரன் தாங்குமா? டெம்போவில் ஏறுமா? கடைசியாக ஏறியவர் என்ன எடை, எத்தனை வயது? ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை, தெரியாது என்ற மூன்றில் ஒரு பதில் போதும். "தெரியாது" என்று சொல்கிற விற்பனையாளர்மேல்தான் எனக்கு நம்பிக்கை கூடும்.

பிறகு அதே வரிசையில் செய்துகாட்டச் சொல்லுங்கள். கட்டுத்தறியில் சும்மா நிற்கும் குதிரையை உங்கள் கண்முன் அவிழ்த்து, குளம்பு தூக்கி, சேணம் கட்டி, முதலில் விற்பவர் தரப்பு ஆள் ஏற வேண்டும், அப்புறம்தான் நீங்கள். போய்ச் சேரும்போதே சேணம் போட்டு, வயிற்றுப்பட்டிக்குக் கீழே வியர்வை காய்ந்து குதிரை தயாராக நின்றால், ஒரு மணி நேரம் ஓட்டிக் களைப்பாக்கியிருக்க வாய்ப்பு உண்டு. கீழுதடு தொங்குவது, தலை முழங்கால் மட்டத்துக்குத் தாழ்வது, ஆண் குதிரைக்குக் குறி வெளியே தளர்ந்து தொங்குவது ஆகியவை மயக்க மருந்தின் அடையாளமாக இருக்கலாம். சண்டை போடத் தேவையில்லை. "இன்னொரு நாள் வரோம்ணா" என்று சொல்லிவிட்டு, ஐந்தாறு நாள் கழித்துச் சொல்லாமல் போய்ப் பாருங்கள்.

விற்பவர்களின் குறை வேறு. "கடைசி விலை என்ன?" என்று மட்டும் கேட்டு நாற்பது பேர் போன் செய்வது, இரண்டு பேர் வருவதாகச் சொல்லி ஆறு பேர் வந்து ஆளாளுக்கு ஏறிப் பார்ப்பது, விலை பேசி முடித்து வண்டியில் ஏற்றும் நேரத்தில் "ஐயாயிரம் குறைச்சுக்கோங்க" என்பது, எல்லாம் முடிந்தபின் சுழி சரியில்லை என்று திரும்புவது. இந்தக் கடைசிக் குறைக்கு மருந்து விற்பவர் கையிலேயே இருக்கிறது. சுழியை, அதாவது உடம்பில் மயிர் சுழன்று விழுந்த இடத்தை, நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் நம் பக்கத்தில் அது விலையை மாற்றும், நாலு காலும் முகமும் வெள்ளையாக உள்ள பஞ்சகல்யாணி விலையைக் கூட்டுவது போலவே. நெற்றி, கழுத்து, நெஞ்சு, முதுகு, விலா, தொடை என்று சுழி விழுந்த இடம் ஒவ்வொன்றையும் கிட்டத்தில் படம் எடுத்து முதலிலேயே அனுப்பிவிட்டால், அதற்காக மறுப்பவர் வீட்டிலிருந்தே மறுத்துவிடுவார். திருவண்ணாமலை தீபச் சந்தையிலோ அந்தியூர் ஆடித் திருவிழாவிலோ கூட்டத்தில் நின்று பார்ப்பவருக்குச் சுழி கண்முன்னால் இருக்கிறது. போனில் படம் பார்ப்பவருக்கு நீங்கள் காட்டினால்தான் உண்டு. விலையையும் விளம்பரத்திலேயே போடுங்கள். கூடவே ஒரு குறையையும் எழுதுங்கள், "லாடம் அடிக்கும்போது பின்னங்கால் உதறும்" என்பதுபோல. வெட்டிப் போன் குறையும்.

வயதில் வரும் தகராறுக்குக் காரணம் பெரும்பாலும் மாட்டுக் கணக்கு. செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தையில் மாடு பார்த்துப் பழகிய தரகர் "ரெண்டு பல், நாலு பல், ஆறு பல்" என்று அதே வாய்ப்பாட்டில் குதிரைக்கும் வயது சொல்கிறார். குதிரைக்கு மேல்தாடையிலும் முன்பல் ஆறு உண்டு. பல் விழுந்து முளைக்கும் காலமும் வேறு. நடு இரண்டு பால்பல் விழுந்து நிலைப்பல் வருவது சுமார் 2½ வயதில், அடுத்த இரண்டு 3½ல், ஓரத்து இரண்டு 4½ல். 5 வயதில் வாய் நிறைந்துவிடும். அதுவரை ஓரளவு துல்லியமாகச் சொல்லலாம். அதற்குமேல் கீழ்த்தாடைப் பல்லின் மேற்பரப்பில் உள்ள கருங்குழியைப் பார்க்க வேண்டும். அது நடுப்பல்லில் 6 வயது வாக்கிலும், பக்கப்பல்லில் 7லும், ஓரப்பல்லில் 8லும் தேய்ந்து மறையும். மேல்தாடை ஓரப்பல்லில் ஈறை ஒட்டி ஒரு பழுப்புக் கோடு தோன்றினால் 10 வயதை எட்டிவிட்டது. கோடு பாதிப் பல்லுக்கு இறங்கினால் 15, முழுப் பல்லுக்கும் ஓடினால் 20. மணல் கலந்த மேய்ச்சலும் மரத்தைக் கடிக்கும் பழக்கமும் பல்லைச் சீக்கிரம் தேய்த்துவிடும் என்பதால், 8 வயதுக்குமேல் யார் "சரியா ஒன்பது" என்று சொன்னாலும் அது மதிப்பீடுதான். இரண்டு வருடம் கூடவோ குறையவோ இருக்கலாம். குழியைச் சூடு வைத்துச் செயற்கையாகக் கருக்கும் பழைய மோசடியும் உண்டு. அப்படிச் செய்த பல்லில் குழியைச் சுற்றி இருக்க வேண்டிய வெள்ளை எனாமல் வளையம் இருக்காது. ரசீதில் "வயது 9" என்று எழுதாமல் "பல் பார்த்ததில் 8 முதல் 10" என்று எழுதுவது இரண்டு தரப்புக்கும் நல்லது.

உயரத்துக்குச் சமதளமும் நேர்கோலும் போதும். பிடரி மயிர் முடிகிற தோள்மேட்டில் அளக்க வேண்டும், தலைவரை அல்ல. டேப்பை உடம்போடு ஒட்டிப் பிடித்தால் வளைவுக்கே ஓரிரு அங்குலம் கூடிவிடும். வடக்கிலிருந்து வரும் குதிரைகளுக்கு "13.2" என்று சொல்வார்கள். அது பதின்மூன்று ஹேண்டும் இரண்டு அங்குலமும். ஒரு ஹேண்ட் 4 அங்குலம், ஆக 54 அங்குலம். பந்தயத்தில் சின்னக் குதிரை, பெரிய குதிரை என்று பிரிக்கும் இடத்தில் ஒரு அங்குலம்கூட வாங்கியவரின் பணத்தை வீணாக்கும் என்பதால், லாடத்தோடு அளந்ததா, இல்லாமல் அளந்ததா என்பதையும் எழுதுங்கள்.

கால் விஷயத்தில்தான் மனம் உடைந்து போகிறார்கள். பாலாற்று மணலில் ஓட்டிக் காட்டினால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் குளம்பு வலி மணலில் மறைந்துவிடும், மெத்தையில் நடப்பதுபோல. சிமெண்டுத் தரையிலோ தார் ரோட்டிலோ தளர்ந்த கயிற்றில் மெல்லோட்டமாக நேரே முப்பது அடி போய் வரச் சொல்லுங்கள், பிறகு இரண்டு பக்கமும் சின்ன வட்டம். வலிக்கும் முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே போகும், நல்ல கால் படும்போது தலை இறங்கும். பின்னங்கால் என்றால் வலிக்கும் பக்கத்து இடுப்பு அதிகமாக ஏறி இறங்கும். கயிற்றை இறுக்கிப் பிடித்து ஓட்டினால் இந்தத் தலையாட்டம் தெரியாது. அப்புறம் மணலிலும் ஓட்டிப் பாருங்கள். தசைநார், தசை இழுப்பு இருந்தால் அங்கேதான் நொண்டல் தெரியும். குளம்பைத் தொட்டு நான்கையும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்து கணுவுக்குக் கீழே நாடி குதித்தால் உள்ளே சீழ் கட்டியிருக்கலாம். இரண்டு முன்னங்குளம்பும் அப்படி இருந்தால் குளம்பு அழற்சிக்கு அறிகுறி. மட்டக்குதிரைக்கு அது அதிகம் வரும், கொழுத்த மட்டக்குதிரைக்கு இன்னும் அதிகம். கழுத்தின் மேல்விளிம்பு கெட்டியாகத் தடித்திருப்பதை "நல்ல உடம்பு" என்று நினைத்து விலை கூட்டிக் கொடுக்காதீர்கள். பினைல்பியூட்டசோன், மெலோக்சிகாம் போன்ற வலி மருந்து ஒரு டோஸ் ஒரு நாளைக்கு மேலும் நொண்டலை மூடிவைக்கும். சொல்லாமல் இரண்டாவது தடவை போகச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

சித்திரை வைகாசியில் வாங்கினால் காலை ஆறு மணிக்கு மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். வேலூர் வெயிலில் பத்து நிமிடம் ஓடியபின் வியர்க்காமல், மூச்சு மட்டும் இறைத்துக்கொண்டே இருக்கும் குதிரை உண்டு. வியர்வை வற்றிப்போன அந்தக் குதிரை இந்த ஊரில் வேலைக்கு ஆகாது. ஓய்வில் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, காய்ச்சல்மானியில் 99 முதல் 101 டிகிரி. ஓட்டி நிறுத்திய அரைமணியில் இந்த அளவுக்கு அருகே திரும்ப வேண்டும்.

விட்டுவிட்டுக் காய்ச்சல், மெலிவு, காலிலும் அடிவயிற்றிலும் வீக்கம் என்றால் ஈ கடித்துப் பரவும் சர்ராவாக இருக்கலாம், ரத்தம் பார்க்க வேண்டும். மூக்கில் சளியும் தோலில் கொத்துக்கொத்தாகக் கட்டியும் இருந்தால் கிட்டவே போகாதீர்கள். கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றும், கண்டால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய். உறுதிப்படுத்தும் பரிசோதனை ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தில் நடக்கிறது. வெளிமாநிலக் குதிரைக்கு அந்த நோய் இல்லை என்ற சான்று இல்லாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

இப்போது பணமும் பேச்சும். துண்டுக்குள் கைவிரல் பிடித்து விலை முடித்துவிடுவார்கள், ஆனால் விலையைத் தவிர மற்ற எதையும் விரல் சொல்லாது. சட்டம் விற்பவரின் மௌனத்தை எப்படிப் பார்க்கிறது என்று இரண்டு தரப்புக்கும் தெரிந்திருக்க வேண்டும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 17ஆம் பிரிவு இதைக் குதிரையை வைத்தே விளக்குகிறது. குறை தெரிந்தும் ஒருவர் ஏலத்தில் ஒன்றும் சொல்லாமல் குதிரையை விற்றால் அது மோசடி ஆகாது. ஆனால் வாங்குபவர் "நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நோயில்லாதது என்றே எடுத்துக்கொள்வேன்" என்று சொல்லி, விற்பவர் பேசாமல் இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். ஆகவே அந்த ஒரு வாக்கியத்தை விலை முடிப்பதற்கு முன் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். நேர்மையான விற்பனையாளருக்கு இதில் எந்த அவமானமும் இல்லை. அவர் தனக்குத் தெரிந்த குறையைத் திருப்பி எழுதினால், நாளைக்கு அவர்மேல் பழி வராது.

"பிடிக்கலைன்னா கொண்டாந்து விடுங்க" என்பது அடுத்த வம்பு. எத்தனை நாள்? யார் வண்டி வாடகை? அதற்குள் குதிரை செத்தால்? 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 24ஆம் பிரிவுப்படி, பார்த்துப் பிடித்தால் எடுத்துக்கொள்வதாகக் கொடுத்த பொருள், வாங்குபவர் ஒப்புக்கொள்ளும்போதோ, குறித்த நாள் தாண்டியும் வேண்டாம் என்று சொல்லாமல் வைத்திருந்தாலோ அவருடையதாகிவிடும். நாள் குறிக்காவிட்டால் "நியாயமான காலம்" என்ற வழவழாக் கணக்குதான். சோதனைக் காலத்தில் காயடித்தாலோ வேறொருவருக்கு விற்றாலோ ஏற்றுக்கொண்டதாகவே ஆகும். வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாதவரை, உரிமை மாறும்வரை நட்டம் விற்றவருடையது. 1880ல் இங்கிலாந்தில் எட்டு நாள் சோதனைக்குக் கொடுத்த குதிரை மூன்றாம் நாள் யார் தவறும் இல்லாமல் இறந்தது. நட்டம் விற்றவருக்கே என்று தீர்ப்பானது. இது தெரியாமல்தான் பலர் வாய்ப்பேச்சில் கயிற்றை மாற்றுகிறார்கள். ஏழு நாள், இத்தனையாம் தேதி மாலை ஆறு மணிவரை, முன்பணம் இவ்வளவு, திரும்ப வரும் வாடகை வாங்குபவருடையது, நோய் வந்தால் மருத்துவரை இவர் கூப்பிட வேண்டும், தரகு இவர் தர வேண்டும் என்று அரைப் பக்கம் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். குதிரையின் இரண்டு பக்கப் படமும் சுழிப் படமும் அதோடு இருக்கட்டும். நேரில் பார்க்காத குதிரைக்கு "வண்டிச் செலவுக்கு மட்டும்" என்று பணம் கேட்பவருக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

சினை என்று சொல்லி விலை கூட்டினால் ஸ்கேன் கேளுங்கள். சுமந்து ஈனுவதற்குப் பதினோரு மாதம் ஆகும், வயிற்றைப் பார்த்துச் சொல்வது ஊகம். உருவம் சின்னதான பெட்டைக்கு ஆசனவாய் வழியாகக் கையை விட்டுச் சோதிப்பது ஆபத்து, குதிரை பார்த்த மருத்துவர்தான் செய்ய வேண்டும். அக்கம்பக்கத்தில் அப்படி ஆள் இல்லையென்றால் சென்னை வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம்.

வந்த முதல் வாரத்தில் வயிற்று வலி வந்து "நோயாளிக் குதிரையைத் தலையில் கட்டிட்டான்" என்று சொல்லப்படும் குதிரைகளில் பல, தீனி மாற்றத்தால் படுத்தவை. குதிரையின் குடலில் உள்ள நுண்ணுயிர்கள் புதுத் தீனிக்குப் பழக ஏழு முதல் பத்து நாள் ஆகும். பழைய தீனி முக்கால், புதியது கால் என்று தொடங்கி மூன்று நாளுக்கு ஒருமுறை கால் பங்காக மாற்றுங்கள். உலர் தீனி உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு. எடைக்கு, நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, உடல் நீளத்தாலும் (தோள் முனையிலிருந்து பிட்டத்து முனைவரை) பெருக்கி, 330ஆல் வகுத்தால் பவுண்டு வரும். சுற்றளவு 50, நீளம் 48 என்றால் ஏறக்குறைய 364 பவுண்டு, 165 கிலோ. அதற்கு நாளைக்கு 3.3 கிலோ காய்ந்த புல் போதும், குதிரை வேலை செய்தால் மட்டும் கொள்ளு, அதுவும் ஊறவைத்து. ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசி போட்ட தேதி தெரியாவிட்டால் போடாததாகவே வைத்துக்கொள்ளுங்கள். விற்பவர் பழைய தீனியில் ஒரு வாரத்து மூட்டையும், அது பழகிய தலைக்கயிறும், கடைசியாக லாடம் அடித்த தேதியும், பூச்சி மருந்து கொடுத்த தேதியும் குதிரையோடு வண்டியில் ஏற்றி அனுப்பட்டும்.