மல்லிகைப்பூவுக்கு அரசே விலை வைத்தால் என்ன?

தை மாதம் மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லி கிலோ 2,000 ரூபாயைத் தாண்டுகிறதே, அரசு உச்சவரம்பு வைக்கக்கூடாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வைத்தால் பூ வராது, அவ்வளவுதான். பனியில் மொட்டு விடுவது குறையும், முகூர்த்தமோ வரிசைகட்டி நிற்கும். அந்த விலையை நம்பித்தான் உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து விவசாயி விடியுமுன் ஆள் வைத்து, செடிக்கு நாலு மொட்டு தேறினாலும் பறிக்கிறார், 500-க்கு மேல் விற்காதே என்றால் கூலிக்கே கட்டாது என்று விட்டுவிடுவார், வருகிற கொஞ்சமும் தெரிந்தவர்களுக்கு மட்டும் கைமாறும். (பூவை விற்றுத் தரும் கமிஷன் கடைக்காரர் விவசாயியிடம் பிடித்துக்கொள்ளும் பங்கு தனிச் சண்டை, அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.)

1952-ல் முதல்வரான ராஜாஜி உணவு தானியக் கட்டுப்பாட்டையே எடுத்தார். அப்புறம் 1959-ல் சுதந்திராக் கட்சி தொடங்கி, எதற்கெடுத்தாலும் அனுமதி, உரிமம் கேட்கும் 'பெர்மிட்-லைசென்ஸ் ராஜ்' என்று டெல்லியைச் சாடினார். அரிசிக்கே அப்படி என்றால், பூவுக்கு எதற்கய்யா தாசில்தார்?