எல்லாரும் கை உயர்த்தினால் நாமும் ஏன் உயர்த்துகிறோம்?

சங்கக் கூட்டத்தில் கணக்குப் பிழை என்று தெரிந்தும் ஏன் கை உயர்த்தினேன் என்று கேட்டிருக்கிறீர்கள். உளவியலாளர் சொலமன் ஆஷ் ஆராய்ந்தது இதைத்தான். 1907இல் வார்சாவில் பிறந்து 1920இல் அமெரிக்கா போனவர்.

1951இல் வெளியான அவரது சோதனை எளிது: மூன்று கோடுகளில் எது, தனியாகக் காட்டிய கோட்டின் அளவு? சின்னப்பிள்ளையும் சொல்லும். ஆனால் கூட இருந்தவர்கள் (எல்லாம் சொல்லிவைத்த ஆட்கள்) ஒரே பிழையைச் சொன்னதும், நாலில் மூன்று பேர் ஒருதரமாவது ஒத்துப்போனார்கள். மீதிப் பேர் அசையவேயில்லை, அதைத்தான் பலர் சொல்ல மறக்கிறார்கள்.

பக்கத்தில் ஒருவர் மட்டும் சரியாகச் சொன்னாலே இழுபடுவது வெகுவாகக் குறைந்தது. மட்டக்களப்பின் களுதாவளைக் கூட்டமொன்றில், பின்வரிசையில் இருந்த பெத்தா (பாட்டி) ஒருவர் "கணக்கு இடிக்குதே மனே" என்றதும் நாலைந்து கைகள் மெல்ல இறங்கியதை நானே பார்த்தேன்.