தெரிந்துகொள்ளப்பட்ட ஜனம் யார்?

வணக்கம் சார்,

எங்கள் குடும்பம் தலைமுறைகளாக சி.எஸ்.ஐ. திருமணத்துக்குப் பிறகு கணவர் வீட்டாரோடு ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறேன். அங்கே சில ஞாயிறுகளில் இஸ்ரேல் கொடியைப் பிடித்துக்கொண்டு ஜெபிக்கிறார்கள். இஸ்ரேல்தான் தேவனுடைய ஜனம், அந்த நாட்டைக் குறைசொன்னால் சாபம் வரும் என்று பாஸ்டர் ஆதியாகமம் 12:3-ஐக் காட்டுகிறார். ஊருக்குப் போனபோது எங்கள் சி.எஸ்.ஐ. சேகரத்துப் போதகரான ஐயரிடம் கேட்டேன். "சிலுவையோடு அந்தக் கணக்கு முடிந்துவிட்டதம்மா, இப்போது சபைதான் இஸ்ரவேல்" என்றார். ஒரே வேதாகமம், இரண்டு பதில். காஸா செய்திகளைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. ஆனால் சாபம் என்றதும் பயமாகவும் இருக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகி, நாசரேத்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தச் சாபத்தைப் பார்த்துவிடுவோம். 'உன்னைச் சபிக்கிறவனைச் சபிப்பேன்' என்ற ஆதியாகமம் 12:3 ஆபிராம் (பின்னாளில் ஆபிரகாம்) என்ற ஒரு தனி மனிதரிடம் சொல்லப்பட்டது. அப்போது இஸ்ரவேல் என்ற ஜனமே கிடையாது. 'பூமியிலுள்ள வம்சங்களெல்லாம் உனக்குள் ஆசீர்வதிக்கப்படும்' என்று அதே வசனம் முடிகிறது. பிரசங்கத்தில் அந்தக் கடைசி வரி பெரும்பாலும் காணாமல் போய்விடும். 1948-இல் உருவான ஓர் அரசின் இன்றைய நடவடிக்கைகளைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்ற கட்டளை அதில் எங்கேயும் இல்லை. இஸ்ரவேலைக் குறைசொல்வது சாபத்துக்குரியது என்றால் ஏசாயா, ஆமோஸ் என்ற தீர்க்கதரிசிகள்தான் முதலில் மாட்டுவார்கள். எருசலேம் நகரம் வீழும் என்று எரேமியா தீர்க்கதரிசி சொன்னபோது, யுத்த வீரரின் கைகளைத் தளர்த்துகிறான் என்று பிரபுக்கள் ராஜாவிடம் புகார் சொல்லி அவரைத் துரவில் இறக்கினார்கள். வேதாகமம் யார் பக்கம் நின்றது என்று உங்களுக்குத் தெரியும்.

உங்கள் பாஸ்டரின் போதனை அப்போஸ்தலர் காலத்தது போலத் தோன்றும், ஆனால் அந்த வடிவத்தில் அதற்கு இருநூறு வயதுகூட ஆகவில்லை. அயர்லாந்தில் ஆங்கிலிக்கன் குருவாக இருந்து விலகிய ஜான் நெல்சன் டார்பி 1830-களில் அதற்கு உருக்கொடுத்தார். தேவனுக்கு இரண்டு ஜனங்கள், இரண்டு தனித்தனித் திட்டங்கள். சபை (விசுவாசிகள் எல்லாரும்) வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பிறகு இஸ்ரவேலுக்கான திட்டம் நின்ற இடத்திலிருந்து தொடரும் என்பது அவர் கணக்கு. 1909-இல் அமெரிக்கரான ஸ்கோஃபீல்டு இதைக் குறிப்புகளாக எழுதி வேதாகமத்தின் அடியிலேயே அச்சிட வைத்தார். அப்புறம் என்ன, வசனம் எது, குறிப்பு எது என்று வாசிப்பவருக்கு மங்கிப்போயிற்று! 1948-ம், ஜெருசலேமின் பழைய நகரம் இஸ்ரேல் வசமான 1967-ம் இந்தக் கணக்குக்குச் சாட்சியாகக் காட்டப்பட்டன.

ஐயர் சொன்னது இதைவிட மிகப் பழையது. 'நீங்கள் கிறிஸ்துவினுடையவர்களானால் ஆபிரகாமின் சந்ததியார்' என்று கலாத்தியர் 3:29 சொல்கிறது. யூதர்களுக்குச் சொல்லப்பட்ட பட்டங்களை எல்லாம் 1 பேதுரு 2:9 விசுவாசிகளுக்குக் கொடுக்கிறது. இரண்டாம் நூற்றாண்டிலேயே ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ அறிஞர், திரிஃபோ என்ற யூதரோடு நடத்திய விவாதத்தில் கிறிஸ்தவர்களே மெய்யான இஸ்ரவேல் என்று வாதாடினார். இதுவரை எனக்கு மறுப்பில்லை. 'கணக்கு முடிந்தது' என்ற இடத்தில்தான் தயங்குகிறேன். யூதர்களைத் தேவன் தள்ளிவிட்டார் என்று முடிவுகட்டியவர்கள் அதோடு நிற்கவில்லை. நான்காம் நூற்றாண்டுப் பிரசங்கியார் கிறிசோஸ்தம் அந்தியோகியாவில் யூதர்களுக்கு எதிராகச் செய்த பிரசங்கங்களை இன்று வாசித்தால் கூசும். 1543-இல் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த லூத்தர், ஜெப ஆலயங்களைக் கொளுத்துங்கள் என்றே எழுதினார். நாஜிகள் அந்த எழுத்தைத் தேடியெடுத்துப் பயன்படுத்திக்கொண்டார்கள். யூதர்களைத் தேவனால் தள்ளப்பட்டவர்களாகவோ சபிக்கப்பட்டவர்களாகவோ காட்டக்கூடாது என்று கத்தோலிக்க ஆயர்களின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது 1965 அக்டோபரில். அமெரிக்க லூத்தரன் சபை அந்த லூத்தர் எழுத்தை வெளிப்படையாக நிராகரிக்க 1994 ஆயிற்று.

சரி, பவுல் என்ன சொல்கிறார்? ரோமர் 11-ஐ ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். அவர் அங்கே எழுதுவது யூதரல்லாத விசுவாசிகளுக்கு. தாங்கள் உள்ளே வந்துவிட்டோம், யூதர்கள் வெளியே போய்விட்டார்கள் என்று மிதப்பில் இருந்தவர்களுக்கு. நீ காட்டொலிவ மரத்தின் கிளை, ஒட்டவைக்கப்பட்டிருக்கிறாய், நீ வேரைச் சுமக்கவில்லை, வேர் உன்னைச் சுமக்கிறது என்கிறார். யூதர்களைப் பற்றி ஒரே வசனத்தில் இரண்டு சொல்கிறார்: சுவிசேஷத்தைக் குறித்துப் பகைஞர், தெரிந்துகொள்ளுதலைக் குறித்துப் பிதாக்களினிமித்தம் அன்புகூரப்பட்டவர்கள். இந்த முடிச்சை அவர் அவிழ்க்கவே இல்லை. தேவனுடைய வழிகள் ஆராயப்படாதவைகள் என்று துதித்துவிட்டு அடுத்த அதிகாரத்துக்குப் போய்விடுகிறார்.

பவுல் விட்ட இடத்தில் விட்டுவிட நம் ஆட்களுக்குப் பொறுமை இல்லை. டார்பி இரண்டு மரங்களை நட்டார். 'கணக்கு முடிந்தது' என்பவர்கள் வேரையே வெட்டுகிறார்கள். இரண்டு தரப்புக்கும் தேவை, பட்டியலில் யார் பெயர் இருக்கிறது என்ற தீர்ப்பு. வேதாகமம் கேட்பதோ வேறு: எதற்காகத் தெரிந்துகொள்ளப்பட்டாய்? 'பூமியின் எல்லா வம்சங்களுக்குள்ளும் உங்களைமாத்திரம் அறிந்துகொண்டேன்' என்று ஆமோஸ் 3:2 தொடங்கும்போது ஏதோ பரிசு வரப்போகிறது என்று நினைப்போம். 'ஆகையால் உங்களைத் தண்டிப்பேன்' என்று வருகிறது. ஒன்பதாம் அதிகாரத்தில் இன்னும் போகிறார்: உங்களை எகிப்திலிருந்து கொண்டுவந்ததுபோல் பெலிஸ்தரையும் சீரியரையும் அவரவர் இடத்திலிருந்து நான்தான் கொண்டுவந்தேன் என்கிறார் கர்த்தர். பெலிஸ்தர் அன்று இஸ்ரவேலுக்குப் பரம விரோதி என்பதை நினைவில் வையுங்கள்.

மூன்றாவதாக ஒரு கூட்டமும் உண்டு: 'அந்த இஸ்ரவேல் நாங்கள்தான்' என்று தங்கள் இனத்தையே வைத்துக்கொண்டவர்கள். தென்னாப்பிரிக்காவின் டச்சு வம்சாவளி வெள்ளையர் 1838 டிசம்பர் 16-இல் ஜூலூக்களோடு நடந்த சண்டையில் ஜெயித்ததைக் கர்த்தரோடு செய்த உடன்படிக்கையாகவே கொண்டாடினார்கள். தங்களை இஸ்ரவேல் என்று எண்ணிக்கொண்டவர்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர் கானானியராகத் தெரிவதில் ஆச்சரியமில்லை. அவர்களுடைய சபை இனஒதுக்கலுக்கு வேத ஆதாரமே தேடிக் கொடுத்தது. அதை மறுத்து 1986-இல் பெல்ஹார் என்ற விசுவாச அறிக்கையை ஏற்றது, அதே சபை வெள்ளையரல்லாதவர்களுக்கென்று பிரித்துவைத்திருந்த மிஷன் சபை.

யூதர்களுக்காக ஜெபிப்பதில் எந்தத் தவறும் இல்லை. 2023 அக்டோபர் 7-இல் கொல்லப்பட்டவர்களுக்காக அழுவதிலும் இல்லை. ஆனால் அடுத்த முறை கொடி வரும்போது பாஸ்டரிடம் ஒன்று கேளுங்கள். காஸாவில் புனித போர்ஃபிரியஸ் என்ற பழைய ஆர்த்தடாக்ஸ் ஆலயம் இருக்கிறது. அடைக்கலம் தேடி அதன் வளாகத்தில் தங்கியிருந்தவர்கள் அதே அக்டோபரில் இஸ்ரேலின் வான்தாக்குதலில் செத்தார்கள். அந்த விசுவாசிகளும் கலாத்தியர் 3:29-இன்படி ஆபிரகாமின் சந்ததிதானே, அவர்களுக்காகவும் ஜெபிக்கலாமா பாஸ்டர் என்று கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்